அழைப்பவர் யார் என்று கேட்கப் பழகுவோம்



க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாள்களில் யாழ்ப்பாணத்து வீடுகள் அனைத்திலும் ஒரே கேள்விதான் ஒலிக்கின்றது. "இனி என்ன செய்யப் போகிறாய்?" மருத்துவ பீடமா, பொறியியலா, கணக்கியலா, கனடாவா என்று நான்கைந்து விடைகளும் ஆயத்தமாகவே இருக்கும். கேட்பவர் கேள்வியோடு விடையையும் கையில் கொண்டுவந்து விடுவதால், பிள்ளை வாய் திறக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் ஏற்படுவதில்லை.

நல்லூரில் எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி எழுந்தது. என் மகள் நான்கு விடைகளையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, எனக்கு ஆறு நாள் தாங்கோ. நான் ஞான ஒடுக்கத்துக்குப் போய் யோசிச்சிட்டு வாறன்" என்றாள். அவளுடைய தாயின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. எங்கள் வீடுகளில் இத்தகைய ஒரு சொல் எழுந்தால், அடுத்த கணம் எல்லோர் மனத்திலும் கன்னியர் மடத்தின் வெள்ளை உடைதான் தோன்றும். அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிந்தித்து வருகிறேன் என்றுதான் சொன்னாள். எனினும் வீடு அன்றிரவு உறங்கவில்லை.

ஏன் உறங்கவில்லை என்பதையே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இதைப் பேசுவதற்கு எனக்கு ஒருவகை உரிமையும் உண்டு. நான் நேர்ந்துவிடப்பட்ட பிள்ளை. நான்கு வயதில் எனக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டபோது, பிழைத்தால் ஆண்டவருக்கே இவனைத் தருவேன் என்று என் தாய் பாசையூர் அந்தோனியார் கோவிலில் நேர்த்தி வைத்தார். நானும் பிழைத்தேன். பதின்மூன்று வயதில் ஒரு சிறிய குருமடத்தில் சேர்க்கப்பட்டேன். பதினேழு வயதில் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றேன். அம்மா என்னை ஏசவில்லை. ஆனால் அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றும் போதெல்லாம் கடன்பட்டவரைப் போலத் தலை குனிந்து நின்றார். ஊரார் என்னைச் "சாமியாராப் போய்த் திரும்பினவன்" என்றே பல ஆண்டுகள் அடையாளம் சொன்னார்கள். கடவுள் என்னை அழைத்தாரா, இல்லையா, அழைத்திருந்தால் எதற்கு என்று அந்த நான்கு ஆண்டுகளில் எவரும் என்னிடம் கேட்கவில்லை. எனக்கும் அப்படி ஒரு கேள்வி இருப்பது தெரியாது.

பின்னாளில் சாமுவேலின் வரலாற்றை வாசித்தபோது ஒன்றைக் கண்டு திகைத்தேன். அன்னாவும் என் தாயைப் போலவே நேர்ந்துகொண்டவர். பால்குடி மறந்த பிள்ளையைச் சீலோவிலிருந்த ஆண்டவரின் இல்லத்தில் ஒப்படைத்தவர். ஆயினும் அன்னையின் நேர்த்தியையே இறைவனின் அழைப்பாக வேதாகமம் கொள்ளவில்லை. நேர்த்தி பிள்ளையைக் கோவில் வாசல்வரை கொண்டுவந்து விட்டது. அழைப்பு ஆண்டுகள் பல கழித்து, ஓர் இரவில், பெயர் சொல்லித் தனியாக வந்தது. அப்போதும் சாமுவேலுக்கு அது யாருடைய குரல் என்று தெரியவில்லை. மூன்று முறை எழுந்து கிழவரான ஏலியிடமே ஓடினான்.

இங்கே ஏலி செய்ததைக் கவனியுங்கள். அவர் கண் மங்கியவர். தம் சொந்த மக்களைத் திருத்த இயலாதவர். ஆனாலும் அந்த இரவில் ஒரு நல்ல வழிகாட்டி செய்ய வேண்டியதைச் செய்தார். "உன்னை ஆண்டவர் இன்னதற்கு அழைக்கிறார்" என்று அவர் விளக்கம் கூறவில்லை. திரும்பிப் போய்ப் படுக்கச் சொன்னார். மறுபடியும் குரல் கேட்டால் எப்படி மறுமொழி சொல்வது என்பதை மட்டும் கற்றுக்கொடுத்தார். விடிந்த பின்பே என்ன நிகழ்ந்தது என்று கேட்டார். அந்தச் செய்தி தம் குடும்பத்துக்கே பாதகமானது என்று அறிந்தபோதும் அதை மறைக்க விடவில்லை. நம் பங்குகளில் ஏலியின் இந்தப் பணியைச் செய்ய எத்தனை பேர் இருக்கிறோம்?

இறையழைத்தல் எவ்வாறு ஒருவரை வந்தடைகிறது என்பதற்கு நல்லூரிலேயே ஒரு வரலாறு உண்டு. சுவாமி ஞானப்பிரகாசரை அறியாத தமிழ்க் கத்தோலிக்கர் இருக்க மாட்டார்கள். சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியையும் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தையும் எழுதிய பன்மொழிப் புலவர் என்றே அவரைப் போற்றுகிறோம். அவர் 1875இல் மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்தில் வைத்திலிங்கம் என்ற பெயரோடு பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் அச்சுவேலியைச் சேர்ந்த கத்தோலிக்கரான தம்பிமுத்துப்பிள்ளையை மறுமணம் செய்த பின்னரே அவர் திருமறைக்குள் வந்தார். சம்பத்திரிசியார் கல்லூரியில் ஆங்கிலம் கற்று, புகையிரதத் திணைக்களத்தில் எழுதுவினைஞர் பதவியும் பெற்றார். யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதப் பாதை முழுமையாக வந்ததே 1905இல்தான் என்பதை நினைத்தால், அந்தக் காலத்தில் அப்பதவியின் மதிப்பு விளங்கும். அந்த நாற்காலியை விட்டு 1895இல் அமலமரித் தியாகிகள் சபையை நாடினார். 1901இன் இறுதியில் குருப்பட்டம் பெற்றார். பின்னர் நல்லூரையே தம் பணிக்கு இருப்பிடமாகக் கொண்டு 1947இல் மறையும் வரை உழைத்தார்.

அரசாங்க உத்தியோகத்தை விட்டு ஓர் இளைஞர் எழுந்து போகும் இரவில் அவருடைய உள்ளத்தில் என்ன நிகழ்ந்திருக்கும்? அகராதியைப் பற்றி எழுதும் நாம் அந்த இரவைப் பற்றி எழுதுவதில்லை. நமக்குப் பயன்கள் தெரிகின்றன, வேர் தெரிவதில்லை. ஒரு பிள்ளை உத்தியோகத்தை விட்டுவிடப் போகிறேன் என்று இன்று நம் வீட்டில் சொன்னால், நாம் முதலில் தேடுவது உறவுக்குள் இருக்கும் ஒரு மருத்துவரை அல்லவா?

சம்பத்திரிசியார் என்று கூறினேன். பழைய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ள இந்த ஊரில், அந்தப் பத்திரிசியார் யார் என்று கேட்டால், அயர்லாந்தின் பாதுகாவலர், மார்ச் 17 அவருடைய விழா என்பதோடு பலர் நிறுத்திக்கொள்வர். அயர்லாந்து நாட்டு அமலமரித் தியாகிகள் இங்கே வந்து கற்பித்தார்கள். அருட்தந்தை லோங் அவர்களின் பெயர் அந்தக் காலத்தை நினைவூட்டும். அந்த அயர்லாந்தின் ஆன்மிக மரபு, கெல்டிய ஆன்மிகம் என்று இன்று மேலைநாடுகளில் பெரிதும் பேசப்படுகிறது. அந்த மரபின் தொடக்கத்தில் நிற்பவருடைய கதை நம் வீடுகளின் கதைக்கு மிக அருகில் நிற்கிறது.

பத்திரிசியார் ஐந்தாம் நூற்றாண்டில் பிரித்தானியாவில் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை. பதினாறு வயதில் கொள்ளையர் அவரைப் பிடித்துச் சென்று அயர்லாந்தில் அடிமையாக்கினர். ஆறு ஆண்டுகள் கால்நடை மேய்த்தார். வீட்டில் இருந்தபோது செபத்தைப் பொருட்படுத்தாத அந்தப் பிள்ளை, பனியிலும் மழையிலும் இரவும் பகலும் செபிக்கப் பழகியது அந்த மேய்ச்சல் நிலத்தில்தான். பின்பு தப்பி, நெடுந்தூரம் நடந்து, கப்பலேறிப் பெற்றோரை அடைந்தார். இனி எங்களை விட்டு எங்கும் போகாதே என்று அவர்கள் மன்றாடியதை அவரே தம் அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறார். அதன் பின்புதான் கனவில் அயர்லாந்து மக்களின் குரல் அவரை அழைத்தது. தம்மை அடிமையாக்கிய நாட்டுக்கே அவர் திரும்பிச் சென்றார்.

பிள்ளையைத் தொலைத்துத் தேடிய தாய் தந்தையர் நம்மிடையே எத்தனை பேர்! திரும்பி வந்த பிள்ளையைக் கட்டிப்பிடித்து, இனி வாசலைத் தாண்டாதே என்று சொன்ன தாய்மார் எத்தனை பேர்! திரும்பி வராத பிள்ளைகளுக்காக இன்றும் படத்தோடு வீதியில் நிற்போர் எத்தனை பேர்! ஆதலால் இந்த மண்ணின் பெற்றோர் பிள்ளையை இறுகப் பற்றிக்கொள்வதைக் குறை கூற எனக்கு மனம் வராது. பத்திரிசியாரின் பெற்றோரையும் அவர் குறை கூறவில்லை. அவர்களுடைய கண்ணீரையும் தமக்குக் கேட்ட குரலையும் அடுத்தடுத்து எழுதி வைத்தார். ஒன்றை மறைத்து மற்றதை உயர்த்தவில்லை. அந்த நேர்மையே எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் மண்ணுக்கு வந்த அமலமரித் தியாகிகளின் சபையை நிறுவிய புனித எயுஜின் தெ மசெனோட் அவர்களின் வீட்டிலும் இதே போராட்டம்தான். வசதி படைத்த இடத்தில் மகனுக்குப் பெண்ணெடுக்க விரும்பிய தாய், அவர் 1808இல் பாரிசில் குருமடம் சேர்ந்ததை ஏற்கச் சிரமப்பட்டார். சீதனம் பேசும் நம் வீடுகளுக்கு அந்தத் தாய் அந்நியர் அல்லர்.

கெல்டிய மரபிலிருந்து நாம் கற்கத் தக்கது என்ன? மூன்று செய்திகளைச் சொல்லலாம். ஒன்றில் எனக்கு ஐயமும் உண்டு. அதையே முதலில் கூறிவிடுகிறேன்.

891ஆம் ஆண்டில் மூன்று அயர்லாந்துக்காரர் துடுப்பில்லாத தோல் படகொன்றில் ஏறி, ஒரு கிழமைக்கு உணவு மட்டும் எடுத்துக்கொண்டு, கடவுளின் அன்புக்காகப் பரதேசிகளாக வாழ விரும்பி, எங்கே போகிறோம் என்று கவலைப்படாமல் கடலில் இறங்கினார்கள் என்று ஆங்கிலோ சாக்சன் வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. அவர்கள் கோர்ன்வாலில் கரையொதுங்கி, அல்பிரட் மன்னரிடம் சென்றனர். 563இல் புனித கொலும்பா அயர்லாந்தை விட்டு அயோனாத் தீவுக்குச் சென்றதும் இத்தகைய பரதேச வாழ்வே. இக்கதையைச் சொல்லும் மேலைநாட்டு ஆசிரியர்கள் மிகவும் உருகுவார்கள். குருநகரிலும் மன்னாரிலும் படகேறியவர்களின் உறவினராகிய நமக்கு அவ்வளவு எளிதாக உருக வராது. கடலில் வழி தெரியாமல் மிதப்பது என்னவென்று நம்மில் பலருக்கு உடலால் தெரியும். துடுப்பை எறிந்துவிடு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதற்கு முன் நாம் பத்து முறை சிந்திக்க வேண்டும். இக்கதையில் எனக்கு எஞ்சுவது ஒரு சிறு உண்மைதான்: கரை இன்னதென்று முன்பே முடிவு செய்துவிட்டுச் செபிப்பவன், செபிப்பதாக எண்ணித் தன் விருப்பத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அடுத்தது அன்றாட செபம். ஸ்கொத்லாந்தின் மேற்குத் தீவுகளில் வழங்கிய வாய்மொழிச் செபங்களை அலெக்சாண்டர் கார்மைக்கேல் என்பவர் பல்லாண்டுகள் திரட்டி 1900இல் வெளியிட்டார். அடுப்பு மூட்டவும், பால் கறக்கவும், வலை வீசவும், விளக்கணைத்துப் படுக்கவும் அந்த எளிய மக்களிடம் தனித்தனிச் செபங்கள் இருந்தன. அதை வாசித்தபோது என் அப்பாச்சியின் நினைவே வந்தது. உலையில் அரிசி போடும்போது அவர் பானைக்கு மேல் சிலுவை இடுவார். கிணற்றில் முதல் வாளி அள்ளும்போது அந்தோனியாரை அழைப்பார். நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் மீனவர் படகு தள்ளும்போது இடும் சிலுவை அடையாளமும் இவ்வகையே. பிறநாட்டுத் தீவுகளில் பொக்கிஷம் என்று போற்றப்படுவதை நாம் கிழவிகளின் பழக்கம் என்று ஒதுக்கி வைத்தோம். அழைப்பைக் கேட்கும் காது அந்த உலைப்பானை அருகில்தான் பழகத் தொடங்குகிறது.

மூன்றாவது ஆன்ம நண்பர். அயர்லாந்து மொழியில் "அனம் கரா" என்பர். ஆன்ம நண்பர் இல்லாதவன் தலையில்லாத உடலைப் போன்றவன் என்பது அவர்களிடையே வழங்கிய கருத்து. தன் உள்ளத்தைத் திறந்து காட்டவும் தவறும்போது கண்டிக்கவும் ஒருவர் வேண்டும் என்று அந்தத் துறவியர் நம்பினர். ஒப்புரவு அருட்சாதனம் தனி ஒருவரிடம் திரும்பத் திரும்பச் செய்யப்படும் முறையாக மேற்குலகில் பரவியதற்கு அந்த அயர்லாந்துத் துறவியரே பெரிதும் காரணமாயினர்.

இது நமக்குப் புதிதா? நல்லூர் மக்கள் புதிதென்று சொல்ல மாட்டார்கள். எங்கள் அயலில் உள்ள தேரடியில்தான் செல்லப்பா சுவாமிகளை யோகர் சுவாமிகள் கண்டார். கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்துக் களஞ்சியக் காப்பாளராக இருந்தவர் அவர். ஞானப்பிரகாசருக்கு மூன்று வயது மூத்தவர். அவரும் சம்பத்திரிசியார் கல்லூரியில் கற்றவர் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவர் சென்ற வழி வேறு, நம் வழி வேறு. எனினும் ஒரு குருவின் முன் அமர்ந்து தன்னைச் சோதித்துப் பார்க்காமல் பெரிய முடிவு எடுக்கலாகாது என்ற அறிவு இந்த மண்ணில் மதம் கடந்து இருந்தது. 1621இல் பழைய கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த ஊரில் வாழும் கத்தோலிக்கன் நான். அந்தத் தேரடியைக் கடக்கும்போது சற்றுத் தலை தாழ்த்தியே கடக்கிறேன்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். கெல்டிய ஆன்மிகம் என்ற பெயரில் இப்போது மேலைநாட்டுக் கடைகளில் மெழுகுதிரி முதல் மோதிரம் வரை விற்கிறார்கள். திருச்சபையும் அருட்சாதனங்களும் வேண்டாத இயற்கை வழிபாடு ஒன்று அன்று இருந்தது போலவும் சிலர் எழுதுகிறார்கள். பத்திரிசியார் ஓர் ஆயர். கொலும்பா ஒரு குரு, துறவி. கடும் நோன்பும் திருப்பாடல்களும் திருப்பலியுமே அவர்களுடைய நாள். அந்த மரபை நாடுவோர் அதன் நோன்பையும் சேர்த்து நாடட்டும்.

இனி, வழிகாட்டப்படும் செபத் தியானத்தைப் பற்றி. நம் பெற்றோர் பலருக்கு இதன் முறை தெரியாததால்தான் அச்சம் மிகுகிறது.

தியானம் என்றதும் நம் நினைவுக்கு வருவது தபசுகாலத்தில் பந்தலும் ஒலிபெருக்கியும் வெளியூர்ப் பிரசங்கியாரும் ஆகும். அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஐந்நூறு பேர் ஒன்றாக அழும்போது ஒரு கல்நெஞ்சமும் இளகக் கூடும். ஆனால் ஒரு பிள்ளையின் வாழ்வுப் பாதையை ஐந்நூறு பேர் நடுவில், பாட்டின் உச்சத்தில், கையுயர்த்தச் சொல்லி முடிவு செய்யக் கூடாது. அன்று உயர்ந்த கை மறுநாள் காலையில் என்ன நினைக்கிறது என்று கேட்க அங்கே எவரும் இருப்பதில்லை.

வழிகாட்டப்படும் தியானம் இதற்கு மாறானது. இதன் வேர் புனித இஞ்ஞாசியாரிடம் உள்ளது. 1521இல் பம்பலோனாக் கோட்டைப் போரில் காலில் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்த அந்தப் படைவீரர், தம் மனத்தில் ஓடிய கனவுகளைக் கவனிக்கத் தொடங்கினார். வீரச் செயல்களையும் ஒரு சீமாட்டியையும் நினைத்தபோது இன்பமாயிருந்தது. நினைவு நீங்கியதும் உள்ளம் வறண்டது. புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தபோதும் இன்பமாயிருந்தது. நினைவு நீங்கிய பின்னும் அந்த இன்பம் தங்கியது. இந்தச் சிறு வேறுபாட்டைக் கண்டுகொண்டதே அவருடைய ஆன்மிகப் பயிற்சிகளின் தொடக்கம். அந்நூலுக்கு 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார். முழுப் பயிற்சி ஏறக்குறைய முப்பது நாள். அத்தனை நாள் ஒதுங்க இயலாதவர்கள் தம் வேலையைச் செய்துகொண்டே நாள்தோறும் ஒன்றரை மணிநேரம் செபித்துப் பல மாதங்களில் அதை நிறைவு செய்யவும் அவரே வழி வைத்தார். ஆறு நாள், எட்டு நாள் தியானங்கள் இவற்றின் சுருக்கம்.

அங்கே என்ன நடக்கிறது? பிள்ளை பேசாதிருக்கிறது. கைத்தொலைபேசி இல்லை. நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை, ஒவ்வொரு மணிநேரம், வேதாகமத்தின் ஒரு சிறு பகுதியோடு அமர்கிறது. நாளில் ஒருமுறை வழிகாட்டியைச் சந்தித்து, செபத்தில் உள்ளம் எங்கே அசைந்தது, எங்கே உலர்ந்தது என்று சொல்கிறது. வழிகாட்டி மிகுதியும் கேட்கிறார். அடுத்த நாளுக்கு ஒரு பகுதியைத் தருகிறார். அவ்வளவுதான். புதுமைகள் எதுவும் இல்லை. முதல் இரண்டு நாள்களும் பெரும்பாலோருக்குத் தூக்கமும் சலிப்புமே மிஞ்சும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இஞ்ஞாசியார் வழிகாட்டிக்கு இட்ட ஒரு கட்டுப்பாட்டை எல்லாப் பெற்றோரும் அறிய வேண்டும். துறவறத்துக்கு வா என்று பயிற்சி நாள்களில் வழிகாட்டி தூண்டக் கூடாது. வராதே என்றும் தடுக்கக் கூடாது. தராசின் முள்ளைப் போல நடுவில் நின்று, படைத்தவரும் படைப்பும் நேரே பேசிக்கொள்ள விட வேண்டும். ஆகவே உங்கள் பிள்ளையை எவரும் இழுத்துக்கொண்டு போவதற்கான இடமன்று அது. அப்படி இழுக்கும் ஒருவர் அங்கே இருந்தால், அவர் அந்த முறையையே மீறுகிறார் என்று உறுதியாகச் சொல்லலாம். ஆள் சேர்க்கும் முகாமுக்கும் தியானத்துக்கும் வேறுபாடு உண்டு. தம் சபைக்கு ஆள் குறைகிறதே என்ற கவலையில் இவ்விரண்டையும் குழப்பும் துறவற சபையினரிடமும் பணிவுடன் இதைச் சொல்கிறேன்.

இன்னுமோர் அறிவுரை, என் பதினேழு வயதில் எவரேனும் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். உள்ளம் வறண்டு, இருண்டு கிடக்கும் காலத்தில் முன்பு செய்த நல்ல முடிவை மாற்றாதே என்கிறார் அவர். நான் குருமடத்தை விட்டு வந்தது தவறு என்று இப்போது எண்ணவில்லை. ஆனால் மிக இருண்ட ஒரு மாதத்தில், எவரிடமும் வாய் திறக்காமல், ஓர் இரவில் பெட்டியைக் கட்டினேன். ஆகையால்தான் அந்த முடிவு சரியா, ஓட்டமா என்று அறிய எனக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. பின்பு ஒரு வயது முதிர்ந்த குருவானவர் என்னை ஆறு மாதம் கிழமைக்கு ஒருமுறை அமர வைத்துக் கேட்டார். முகம் அறியாத ஓர் இளைஞன் இதே நிலையில் உன்னிடம் வந்தால் என்ன சொல்வாய் என்றார். சாகும் நாளில் நின்று திரும்பிப் பார்த்தால் எதைச் செய்திருக்க விரும்புவாய் என்றார். இரண்டும் இஞ்ஞாசியாரின் கேள்விகள் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்த ஆறு மாத முடிவில்தான், இல்லறமும் ஆசிரியப் பணியும் எனக்குக் கிடைத்த இரண்டாம் தர வாழ்வு அல்ல, எனக்கென்று பெயர் சொல்லி அழைக்கப்பட்ட வாழ்வு என்று நம்பினேன். அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை பாசையூரில் நிமிர்ந்து நின்று மெழுகுதிரி ஏற்றினார்.

தூய்மைநிலைக்கு எல்லாரும் அழைக்கப்பட்டுள்ளனர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையைப் பற்றிய ஏட்டில் உரைத்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இளையோருக்கென 2019இல் எழுதிய மடலில் அழைத்தலுக்கும் தேர்ந்து தெளிதலுக்கும் தனித்தனி அதிகாரங்களை ஒதுக்கினார். ஆயினும் நம் பங்குகளில் தேவ அழைத்தல் ஞாயிறன்று குருத்துவத்தையும் துறவறத்தையும் பற்றியே பேசுகிறோம். தாதியாகப் போகிறவளும், தோட்டம் செய்யப் போகிறவனும், திருமணம் முடித்து மார்க்கம் போகிறவளும் அன்று தமக்குரிய நாள் இதுவல்ல என்று பின்வாங்கில் இருந்துவிடுகிறார்கள்.

மௌனம் நம் மண்ணுக்கு ஒவ்வாது என்று சிலர் கூறுவர். அவர்களுக்குத் தோலகட்டியை நினைவூட்டுகிறேன். அருட்தந்தை தோமஸ் அவர்கள் 1928இல் அங்கே செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். நம் இளைஞரைக் கொண்டே, மௌனமும் ஒறுத்தலும் இடைவிடாச் செபமாலையும் கொண்ட தியான வாழ்வை இந்தச் செம்மண்ணில் நிலைநாட்டினார். போர்க்காலத்தில் அந்த ஆசிரமமும் இடம்பெயர நேர்ந்தது. நமக்கோ தோலகட்டி என்றால் நெல்லிரசப் போத்தலே நினைவுக்கு வருகிறது. நெல்லிரசத்தில் குற்றமில்லை, வாங்கிக் குடியுங்கள். அதைப் பிழிந்த கைகள் ஏன் மௌனமாயிருந்தன என்றும் ஒருநாள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மகள் புறப்பட்ட அன்று என் மனைவி ஒரு கேள்வியைப் பல தடவை விழுங்கினார். படலையடியில் மட்டும் அது வெளியே வந்துவிட்டது. "நீ மடத்துக்குப் போறன் எண்டு வந்து நிண்டா நான் என்ன செய்ய?" மகள் சிரித்துக்கொண்டு, "போகேல்லை எண்டு வந்து நிண்டா என்ன செய்வீங்கள், அம்மா?" என்றாள். இருவருக்கும் மறுமொழி கிடைக்கவில்லை. கைத்தொலைபேசியை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, வேதாகமத்தையும் ஒரு மாற்றுடைப் பையையும் எடுத்துக்கொண்டு போனாள்.

இன்று ஐந்தாம் நாள். கனடாவிலிருந்து சம்பந்தம் கேட்டவர்கள் இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். கந்தசுவாமி கோயில் மணி ஓய்ந்த பின், நாங்கள் இருவரும் செபமாலை சொல்ல அமர்கிறோம். முதல் மூன்று இரவும் நான் எதற்காகச் செபித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. நேற்று இரவு, அவளுக்குக் கேட்கும் குரல் யாருடையதென்று அவளுக்கே தெளிவாகட்டும் என்று மட்டும் கேட்டேன். நாளை மறுநாள் காலை பேருந்து நிலையத்துக்கு நான்தான் போக வேண்டும்.